பாக்கெட்ல சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டல்: சேஃப்டி தானா இறங்கிடுது, எப்படி வச்சுக்கறது?

ஃப்ரிஸ்கோவாசி

வணக்கம் மக்களே. டெக்சாஸ்ல இருக்கேன், போன வருஷம் சிட்டிசன்ஷிப் வந்துச்சு, கேரி லைசன்ஸும் எடுத்தாச்சு. சிக் பி238 ஒண்ணு வாங்கினேன், .380, மேகசின்ல ஆறு ரவுண்டு. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், குண்டோட சேத்தா அரை கிலோ வரும் அவ்ளோதான். 1911ங்கற பழைய அமெரிக்க ராணுவ பிஸ்டலோட குட்டி மாதிரி, சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ட்ரிகர அமுக்கினா ஹேமர் (பின்பக்கச் சுத்தியல்) தானா பின்னாடி போகாது. அதனால ஹேமர நாமளே பின்னாடி இழுத்து நிக்க வச்சு சேஃப்டிய மேல போட்டுத்தான் வச்சுக்கணும்னு கடையில சொன்னாங்க. நானும் அப்படியே ஜீன்ஸ் முன்பாக்கெட்ல ஒரு துணி ஹோல்ஸ்டர்ல போட்டு ஒரு மாசமா சுத்திட்டு இருக்கேன்.

போன சனிக்கிழமை மளிகைக்கடைக்குப் போனேன், இருபது பவுண்டு அரிசி மூட்டைய குனிஞ்சு தூக்கி ட்ரங்க்ல வச்சேன், வீட்டுக்கு வந்து பிஸ்டல வெளிய எடுத்தா சேஃப்டி கீழ இறங்கி இருக்கு. ஹேமர் இழுத்தபடி, சேம்பர்ல (குழலோட பின்முனைல குண்டு சுடத் தயாரா நிக்கற இடம்) குண்டு, சேஃப்டி இல்ல, அதே பாக்கெட்ல கார் சாவி வேற. அப்படியே சோஃபால உக்காந்துட்டேன். வீட்ல ஆறு வயசுலயும் ஒம்போது வயசுலயும் பசங்க இருக்காங்க.

சேம்பர காலியா வச்சுக்கட்டுமா, இல்ல ஹேமர மெதுவா கீழ இறக்கி வச்சுக்கட்டுமா? இல்ல இந்த துப்பாக்கியே பாக்கெட்டுக்கு லாயக்கு இல்லையா?

சேலத்து_சிங்கம்

ஹேமர இறக்கி வச்சுக்கோங்க ப்ரோ, சிம்பிள். பழைய ரிவால்வர்லாம் அப்படித்தான வச்சுக்கறாங்க, வேணும்னும்போது கட்டைவிரலால இழுத்துக்கலாம். நான் யூட்யூப்ல பாத்திருக்கேன்.

ரேஞ்ச்_ராவுத்தர்

சிங்கம் தம்பி, தயவுசெஞ்சு இத யாருக்கும் சொல்லிக்குடுக்காதீங்க. ரிவால்வர் வேற கதை. இந்த பிஸ்டல்ல ஹேமர இறக்க தனியா லீவர் எதுவும் கிடையாது. சேம்பர்ல குண்டு இருக்கும்போது ட்ரிகர அமுக்கித்தான் இறக்கணும், அதாவது சுடறதுக்கு என்ன செய்வோமோ அதையே செஞ்சுட்டு, கட்டைவிரல் நகத்தளவு இருக்கற ஒரு ஹேமர பிடிச்சு நிறுத்திடலாம்னு நம்பறது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரேஞ்ச்ல இதே வேலைய செஞ்சார், விரல்ல துப்பாக்கி எண்ணெய், வழுக்கிடுச்சு. பெஞ்ச் பலகைல ஓட்டை. நல்லவேளை முனை டார்கெட் பக்கம் இருந்துச்சு, வீட்ல சோஃபால உக்காந்து செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஃப்ரிஸ்கோ தம்பி, உங்க கேள்விக்கு வரேன். 1911க்கு முந்தின 1910 மாடல்ல இந்த கட்டைவிரல் சேஃப்டியே கிடையாது. குதிரைப்படைக்காரங்க கேட்டுத்தான் அத சேத்தாங்க. ஒரு கையில கடிவாளம், குதிரை மிரளுது, இன்னொரு கையில லோடான துப்பாக்கி, ஒத்தைக் கையாலயே அத பத்திரமாக்கி உறைல சொருகணும்ல, அதுக்கு. உறைன்னா இடுப்புல தொங்கற, மூடி வச்ச கெட்டித் தோலு. அதுக்குள்ள போய் லீவர எதுவும் தொடாது. நீங்க அதே லீவர கொண்டுபோய் ஜீன்ஸ் பாக்கெட்ல தொடையோட உரச விட்டிருக்கீங்க. வலது பாக்கெட்ல போட்டா லீவர் இருக்கற இடது பக்கம் நேரா தொடைமேலதான் வரும், குனியும்போது துணி இறுகி லீவர கீழ தள்ளும். உங்க பிஸ்டல்ல ரெண்டு பக்கமும் லீவர் இருந்தா இன்னும் மோசம்.

அதனால லீவர நம்பாதீங்க, உறைய நம்புங்க. துணி ஹோல்ஸ்டர தூக்கிப் போட்டுடுங்க, அதுக்கு மேலேயே விரல வச்சு அமுக்கினா ட்ரிகர் நகரும். கைடெக்ஸோ (கெட்டி பிளாஸ்டிக்) கெட்டித் தோலோ எதுவா இருந்தாலும் ட்ரிகர் கார்ட், அதான் ட்ரிகர சுத்தி இருக்கற வளையம், முழுசா மூடி இருக்கணும், வெளியில இருந்து எவ்ளோ அமுக்கினாலும் ட்ரிகர் அசையக் கூடாது. சேஃப்டி லீவர் இருக்கற இடத்துல உறை கொஞ்சம் உசரமா ஏறி வரணும், உடம்பு லீவர தொடாத மாதிரி. உங்க மாடலுக்குன்னே வார்த்த உறையா பாத்து வாங்குங்க, எல்லாத்துக்கும் பொருந்தும்னு விக்கறது எதுக்கும் சரியா பொருந்தாது. அந்த பாக்கெட்ல துப்பாக்கியத் தவிர ஒரு டிஷ்யூ பேப்பர் கூட இருக்கக் கூடாது, சாவி பத்தி நான் சொல்லவே வேணாம்.

என்னைக் கேட்டா, ஹேமர் இழுத்த சிங்கிள் ஆக்‌ஷன பாக்கெட்லயே வைக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். பாக்கெட்டுக்கு நீளமா கனமா அமுக்கற ட்ரிகர் இருக்கற குட்டி ரிவால்வர்தான் சரி. இத இடுப்புல, பேன்ட்டுக்கு உள்பக்கம் நாலு மணி திசையில, அதாவது வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னாடி, பெல்ட்டோட சேத்து வச்சா அது பொறந்த வேலைய செய்யும்.

கோவை_டு_ஆஸ்டின்

ராவுத்தர் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். நல்ல உறைல பாக்கெட்டுக்குள்ள சும்மா கிடக்கும்போது பெருசா எதுவும் நடக்காது, உள்ள வைக்கும்போதும் வெளிய எடுக்கும்போதும்தான் வில்லங்கம். பாக்கெட்ல இருக்கற உறைக்குள்ள துப்பாக்கிய துழாவிச் சொருகாதீங்க, சட்டை நுனி, கயிறு ஏதாச்சும் ட்ரிகர்ல மாட்டிக்கும். உறைய வெளிய எடுத்து, கண்ணால பாத்து, கட்டைவிரல சேஃப்டிக்குக் கீழ முட்டுக் குடுத்து சொருகிட்டு, அப்பறம் ரெண்டையும் சேத்து பாக்கெட்ல போடுங்க.

பி238ல ஒரு நல்ல விஷயம், சேஃப்டி போட்டபடியே ஸ்லைட (குண்ட சேம்பர்ல ஏத்த பின்னாடி இழுக்கற மேல்பாகம்) இழுக்கலாம். லோடு பண்றதும் குண்ட வெளிய எடுக்கறதும் சேஃப்டி மேல இருக்கும்போதே முடிச்சுடலாம். எடுக்கும்போது மொதல்ல மேகசின், அப்பறம்தான் ஸ்லைடு. இத மாத்தி செஞ்சா மேகசின்ல இருந்து அடுத்த குண்டு ஏறிக்கும், காலின்னு நீங்க நெனச்சுட்டு இருப்பீங்க. கடைசியா சுண்டுவிரல சேம்பர்ல விட்டுப் பாருங்க.

தினமும் ராத்திரி எடுத்து காலைல அதே குண்ட திருப்பித் திருப்பி ஏத்தாதீங்க. மோதி மோதி குண்டு முனை கேஸுக்குள்ள அமுங்கிடும், அப்பறம் சுட்டா பிரஷர் எகிறும். புது குண்டு பக்கத்துல வச்சு உசரம் பாருங்க, குட்டையா தெரிஞ்சா ஒதுக்கிடுங்க.

சேம்பர் காலியா வச்சுக்கறது தப்பே இல்ல. ஆபத்துல ஸ்லைடு இழுக்க ரெண்டு கையும் வேணும்ங்கறது ஒண்ணுதான் குறை, அத ஏத்துக்கிட்டா நிம்மதியா தூங்கலாம். பழகற வரைக்கும் நான் ரெண்டு மாசம் அப்படித்தான் வச்சிருந்தேன்.

ஹூஸ்டன்_மருமகள்

எல்லாரும் லீவர் லீவர்னு பேசறீங்க, ஆறு வயசுக் குழந்தை இருக்குன்னு அவர் எழுதினத யாருமே பாக்கலையா? அண்ணா, வீட்டுக்கு வந்ததும் பிஸ்டல் உங்க உடம்புல இருக்கணும், இல்லன்னா பூட்டின பெட்டில இருக்கணும். ஃப்ரிட்ஜ் மேல, பீரோ மேல, ஹேண்ட்பேக்ல, இதெல்லாம் இடமே இல்ல. பதினேழு வயசுக்குக் கீழ இருக்கற புள்ள கையில லோடான துப்பாக்கி கிடைக்கற மாதிரி விட்டா டெக்சாஸ்ல அதுவே குற்றம், தனிச் சட்டமே இருக்கு. கார்லயும் கேபிள் போட்டு சீட்டோட கட்டற சின்னப் பெட்டி வச்சுக்கோங்க. ஆனா கார்ல உக்காந்துட்டு வெளிய எடுக்கறது சொருகறது வேணாம், முனை உங்க முட்டி பக்கமோ பக்கத்து சீட் பக்கமோதான் திரும்பும். துப்பாக்கிய உறையோடயே எடுத்துப் பெட்டில வைங்க, அப்ப ட்ரிகர் மூடியே இருக்கும்.

அப்பறம் ரெஸ்ட்ரூம்! பேன்ட்ட இறக்கும்போது விழும், இல்ல பேப்பர் ஸ்டாண்ட் மேல வச்சுட்டு கைய கழுவிட்டு வந்துடுவாங்க. சிரிக்காதீங்க, நடக்குது.

ரேஞ்ச்_ராவுத்தர்

மருமக சொல்றது நூத்துக்கு நூறு. இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்குன்னே சொல்றேன். ஊர்ல இருந்து வந்த மச்சான் ஹெச்1பில இருப்பான், "ஒரு தடவ சுட்டுப் பாக்கறேன்"னு கேப்பான். வேட்டை லைசன்ஸ் மாதிரி விதிவிலக்கு இல்லாம அந்த மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கிய கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம், ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்தாலும் அதே கதைதான். நட்புக்காகக் குடுத்து அவன் கிரீன் கார்டுல மண்ணள்ளிப் போட்டுடாதீங்க. லைசன்ஸ் இருக்குன்னு எல்லா எடத்துக்கும் போயிடவும் முடியாது, வாசல்ல 30.06 போர்டு, அதான் மறைச்சு வச்ச துப்பாக்கியோட உள்ள வரக்கூடாதுன்னு சொல்ற போர்டு, இருக்கான்னு பாத்துட்டுப் போங்க, கோயிலா இருந்தாலும்.

ஃப்ரிஸ்கோவாசி

எல்லாருக்கும் நன்றி. லோடு இல்லாம, ஹேமர மட்டும் இழுத்து சேஃப்டி போட்டு, அதே துணி உறைல வீட்டுக்குள்ளயே அஞ்சு நாள் வச்சுப் பாத்தேன். மாடிப்படி ஏறினேன், டிஷ்வாஷர்ல பாத்திரம் அடுக்கினேன், பசங்களோட தரையில உருண்டேன். அஞ்சு நாள்ல ரெண்டு தடவ சேஃப்டி இறங்கி இருந்துச்சு, ஒரு தடவ கூட எனக்குத் தெரியல. இடுப்புல வைக்கற கைடெக்ஸ் உறை நேத்து வந்துச்சு, இன்னைல இருந்து அதே சோதனை திரும்ப, காலி துப்பாக்கியோடதான். ஒரு வாரம் சேஃப்டி இறங்கலன்னா அப்பறம் மேகசின் மட்டும் போட்டு, சேம்பர் காலியா ஆரம்பிக்கறேன்.

வீட்ல பெட்டி வாங்கியாச்சு, கோட் நம்பர் எனக்கும் வீட்டம்மாவுக்கும் மட்டும்தான். துணி ஹோல்ஸ்டர தூக்கிப் போட மனசு வரல, ராவுத்தர் அண்ணா கோவிச்சுக்காதீங்க, இப்ப அதுல டிவி ரிமோட் இருக்கு.