போட்டுக்கு எல்ஈடி டெக் லைட் செய்யறோம், கேஆர்பி டேம்ல டெஸ்ட் பண்ணது போதுமா, கடலுக்கே கொண்டு போகணுமா?

ஓசூர்_ஒயரிங்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்களோடது ஓசூர்ல சின்ன யூனிட், இதுவரைக்கும் டூவீலருக்கும் டிராக்டருக்கும் எல்ஈடி லைட்டு, ஒயரிங் செட்டு போட்டுக் குடுத்துட்டு இருந்தோம். இப்ப சொந்தக்காரர் மூலமா கடலூர் பக்கம் ஃபைபர் போட்டு கட்டுற இடத்துல இருந்து கேட்டிருக்காங்க, 12 வோல்ட் டெக் லைட்டு, சுவிட்ச் பாக்ஸு, பேட்டரி வைக்கிற பெட்டி, மூணும் சேர்த்து ஒரு செட்டா வேணுமாம்.

சாம்பிள் ரெடி. லைட்டுக்கு அலுமினியம் பாடி, முன்னாடி பாலிகார்பனேட் மூடி, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ரப்பர் கேஸ்கெட். கிருஷ்ணகிரில மாமா வீடு இருக்கறதால கேஆர்பி டேம்ல மீன் புடிக்கிறவங்க கிட்ட சொல்லி, பரிசல்ல இருந்து கயிறு கட்டி ராத்திரி பூரா தண்ணிக்குள்ள இறக்கி வச்சோம். காலையில எடுத்து தொடச்சு சுவிட்ச் போட்டா பளிச்சுனு எரியுது, திறந்து பார்த்தா உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல. பேட்டரி பெட்டியும் சுத்தமா சீல் ஆயிருக்கு, காத்து கூட போகாது.

என் பார்ட்னர் இது போதும், அனுப்பிடலாம்னு சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. ராத்திரி ரெண்டு மணிக்கு கரையே தெரியாத இடத்துல வலை இழுக்கிறவங்க இந்த லைட்டை நம்பி நிக்கப் போறாங்க, டேம் தண்ணில எரிஞ்சுதுன்னு சொல்லி அவங்க கையில குடுக்க முடியுமா? கடல்ல என்னதான் வேற மாதிரி ஆகும், இங்கயே எதெல்லாம் செஞ்சு பார்க்கலாம், எதுக்கு கட்டாயம் கடலுக்குப் போகணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஒகேனக்கல்ல ஓட்டம் ஜாஸ்தி, அங்க ஒரு தடவை பாருன்னும் ஒருத்தர் சொன்னார்.

பென்னாகரம்_ஆத்தோரம்:

ஒகேனக்கல் வேண்டாங்க. அங்க லைசென்ஸ் இருக்கிற பரிசல்காரங்க மட்டும்தான் ஓட்டலாம், நீர்வரத்து ஏறிச்சுன்னா பரிசலையே நிறுத்திடுவாங்க, உங்க இஷ்டத்துக்கு கட்டித் தொங்கவிட முடியாது. அப்படியே விட்டாலும் பாறையில மோதினா உடையுதான்னு தெரியும், அவ்வளவுதான், காவிரித் தண்ணில உப்பு ஏது. ஆனா நீங்க சட்டுனு அனுப்பாம கேட்டது ரொம்ப நல்லதுங்க.

நாகை_அணியம்:

தம்பி, நான் முப்பது வயசுல இருந்து விசைப்படகுல போறவன், இப்ப பையன்தான் ஓட்டுறான். நீ சொன்ன டேம் டெஸ்ட்ல லைட்டு தண்ணிக்குள்ள சும்மா தொங்கிட்டு இருந்திருக்கு. கடல்ல டெக் லைட்டு தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்காது, மேலதான் இருக்கும், அங்கதான் வம்பே. பகல் பூரா வெயில்ல காயும், சாயங்காலம் எரிய ஆரம்பிச்சதும் பாடி சூடேறும், அந்த நேரம் பார்த்து அணியத்துல, அதான் படகோட முன்பக்கத்துல, அலை அடிச்சு ஒரு வாளி தண்ணி மேல விழும், உடனே காயும், உப்பு படியும், மறுபடி நனையும். இப்படியே ராத்திரி பூரா. கூடவே இஞ்சின் அதிர்வு, ஃபைபர் போட்டுல அவுட்போர்டு ஓடும்போது கட்டை மேல கை வச்சுப் பாரு, பல்லு வரைக்கும் ஆடும். நட்டு போல்ட்டு தானா கழண்டு வர்றது அதனாலதான்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க கை எப்பவும் டீசல், பெட்ரோல், மீன் கொழுப்பு, அதே கையாலதான் லைட்டைத் தொடுவோம், திருப்புவோம். நல்ல கனமான பிளாஸ்டிக் மூடி கூட அடியே படாம ஓரத்துல மெல்லிசா மயிர்க்கோடு மாதிரி வெடிச்சு வரும். ஒரு துணியில பெட்ரோல் நனைச்சு உன் மூடியில தடவி, ஸ்க்ரூவை முழுசா முறுக்கி வச்சு வெயில்ல போட்டுப் பாரு, ஓசூர்லயே தெரிஞ்சுரும்.

அப்புறம் உன் லைட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு ஏதாவது மூலை, ஸ்க்ரூத் தலை, கேபிள் டை வெட்டின முனை இருக்கா? இருந்தா முதல்ல அதை எடு. நைலான் வலை ஓடும்போது அதுல ஒரு கண்ணி மாட்டிச்சுன்னா லைட்டும் போகும், வலையும் கிழியும், பக்கத்துல நிக்கிறவன் விரலும் போகும்.

கேஜி_தரச்சோதனை:

அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் கிருஷ்ணகிரிக்காரன், ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன், லேப் பக்கத்து விஷயத்தை நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல் விஷயம் ஓசூர்ல இருக்கிற உங்களுக்குன்னே உள்ளது. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். இங்க காத்தழுத்தம் கடற்கரையை விட சுமார் பத்துல ஒரு பங்கு கம்மி. நீங்க ஒர்க்‌ஷாப்ல கேஸ்கெட் வச்சு டைட்டா மூடும்போது இந்த மேட்டுக் காத்தைத்தான் உள்ள அடைக்கிறீங்க, அதைக் கடலூருக்கு இறக்கினா வெளிய அழுத்தம் ஜாஸ்தி, உள்ள கம்மி, அந்த வித்தியாசம் ஒரு மீட்டர் ஆழத்துல தண்ணி குடுக்கிற அழுத்தத்துக்கு கிட்டத்தட்ட சமம். தண்ணி புகாத தரத்துக்குக் குடுக்கிற ஐபி நம்பர்ல, ஐபி67னா ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கணும்கறாங்க இல்லையா, உங்க லைட்டு கரையில சும்மா மாட்டி இருந்தாலே நாள் பூரா அந்த அளவு உறிஞ்சல்ல இருக்கும். இதுக்கு மேல அண்ணன் சொன்ன சூடு ஆறுற விளையாட்டு வேற, எரிஞ்சு சூடான பாடி மேல தண்ணி விழுந்ததும் உள்ள காத்து சுருங்கி, எங்க இடுக்கு கெடைக்குதோ அங்க இருந்து உப்புத்தண்ணியை இழுக்கும். டேம்ல நீங்க எரியாத லைட்டைத்தானே இறக்கினீங்க, அதனால இது வெளிய வரல. ஐபி டெஸ்ட்டே நல்ல தண்ணில பண்றதுதான், உப்பைப் பத்தி அது ஒண்ணும் பேசாது.

இதை இங்கயே பார்க்கலாம். ஒரு டிரம்ல லிட்டருக்கு 35 கிராம் கணக்குல கல்லுப்பு கரைச்சு, ஐஸ் போட்டு, நல்லா சொட்டு நீலம் கலந்து வைங்க. லைட்டுக்குள்ள ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர் வச்சு மூடி, பாடி நல்லா சூடாகற வரைக்கும் எரிய விட்டு அப்படியே முக்குங்க. எடுத்து காய வச்சு மறுபடி எரிய விட்டு மறுபடி முக்குங்க, திரும்பத் திரும்ப. பேப்பர்ல எந்த மூலையில நீலம் ஏறியிருக்கோ அந்த வழியாத்தான் தண்ணி வருது. இதுல ஒயரோட அடுத்த முனையையும் தண்ணிக்குள்ள போடுங்க, ஏன்னா செம்பு இழைக்கு நடுவுல தண்ணி ஊறி ஏறி நேரா லைட்டுக்குள்ள வந்துடும், கேஸ்கெட் எவ்வளவு நல்லா இருந்தாலும் இதைத் தடுக்காது. ஒயர் உள்ள நுழையற இடத்துல ரெசின் ஊத்தணும், வெறும் செம்பு ஒயரை மாத்தி டின் பூசினது போடணும்.

அடுத்தது அலுமினியம் பாடியும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும். ரெண்டும் ஒட்டி இருக்கிற இடத்துல உப்புத்தண்ணி நின்னா அது பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம்தான் கரையும். ஸ்க்ரூ புதுசு மாதிரி மின்னிக்கிட்டு இருக்கும், அதோட தலைக்குக் கீழ சுத்தி வெள்ளையா சுண்ணாம்பு கணக்கா பொடி கெளம்பும், கழட்டப் போனா மரையோட பிச்சுக்கிட்டு வரும். நைலான் வாஷர், ஸ்லீவ், ஸ்க்ரூ இறுகிப் பிடிச்சுக்காம இருக்க மரையில தடவற ஆன்ட்டி சீஸ் பேஸ்ட், மூணும் போடுங்க. ஸ்க்ரூ 304 கிரேடு ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தா 316 கிரேடுக்கு மாத்துங்க, 316ல 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கறதால உப்புல குழி விழறது கம்மி. காந்தம் வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது, மாலிப்டினம் காட்டுற கெமிக்கல் சொட்டு வாங்கி லாட்டுக்கு ஒண்ணு சோதிங்க.

சால்ட் ஸ்பிரே டெஸ்ட் ஓசூர்ல பிளேட்டிங் போடற இடங்கள்லயே செய்யலாம், 5 சதவீத உப்புத்தண்ணியை 35 டிகிரில புகையா அடிச்சுப் பார்க்கிறது, அதுக்கான தரமுறை ஐஎஸ்ஓ 9227. ஆனா இத்தனை மணி நேரம் தாங்கினா கடல்ல இத்தனை வருஷம்னு யாராவது கணக்கு சொன்னா நம்பாதீங்க, அப்படி ஒரு நேர்க்கணக்கு கெடையாது. அந்த சேம்பர்ல எப்பவும் ஈரமா இருக்கும், வெயிலும் இல்ல அதிர்வும் இல்ல. ரெண்டு டிசைன்ல எது மட்டம்னு ஒப்பிட்டுப் பார்க்க நல்லது, அவ்வளவுதான்.

வாக்கிடாக்கியை மறந்துடாதீங்க. மட்டமான எல்ஈடி டிரைவர், அதாவது எல்ஈடிக்கு கரண்ட்டை சீரா குடுக்கிற சர்க்யூட்டு, படகுல பேசற விஎச்எஃப் ரேடியோவுல இரைச்சல் கெளப்பும், 2018ல அமெரிக்க கோஸ்ட் கார்டு இதுக்குன்னே எச்சரிக்கை விட்டாங்க. சோதனை சுலபம், போட்டுல இருக்கிற செட்டுல அமைதியான சேனல் ஒண்ணுல வச்சு, இரைச்சல் வர்ற வரைக்கும் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கற திருகு) திருப்பி, சரியா அது நிக்கிற இடத்துக்கு மெதுவா திருப்பி வைங்க. இப்ப உங்க லைட்டைப் போடுங்க. மறுபடி இரைச்சல் கெளம்புச்சுன்னா உங்க லைட்டு ரேடியோவை மறைக்குதுன்னு அர்த்தம். ஆபத்துக்கு கூப்பிடற சேனல் 16 காதுல விழாம போனா லைட்டு எவ்வளவு பளிச்சுனு எரிஞ்சு என்ன பிரயோஜனம்.

கடைசியா, பேட்டரி பெட்டி காத்து கூட போகாதுன்னு எழுதியிருக்கீங்க, அதை முதல்ல மாத்துங்க, இது அவசரம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அது வெளிய போக மேல வழி வேணும், இல்லாட்டி ஒரு தீப்பொறி போதும். கடல் தண்ணி உள்ள போய் ஆசிட்டோட கலந்தாலும் குளோரின் வாயு வரும். மேல மழைத்தண்ணி, அலைத்தண்ணி இறங்காத மாதிரி வளைச்ச வென்ட், பெட்டி தலைகீழா சாஞ்சாலும் பேட்டரி நகராத அளவுக்கு பெல்ட், இது ரெண்டும் வேணும்.

ஓசூர்_ஒயரிங்:

அண்ணா ரொம்ப நன்றிங்க. பேட்டரி பெட்டியை இன்னைக்கே நிறுத்தி வச்சுட்டேன், யார்டுக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன். அழுத்த விஷயம் எங்க யாருக்குமே தோணல. அப்ப லைட்டை முழுசா மூடாம ஹெட்லைட்ல வைக்கிற மாதிரி காத்து மட்டும் போற சவ்வு வென்ட் வைக்கலாமா? அது இங்க ஈஸியா கெடைக்கும். டிரைவரை முழுசா ரெசின்ல முக்கிடலாம்னும் இருக்கேன். இதெல்லாம் முடிச்சப்புறம் கடல்ல எப்படி, எவ்வளவு நாள் பார்க்கறதுங்க?

கேஜி_தரச்சோதனை:

சவ்வு வென்ட் சரியான வழி, ஆனா கீழ்ப்பக்கமா பார்த்து வைங்க, மேல உப்பு காஞ்சு படிஞ்சா சவ்வு அடைச்சுக்கும், அதுக்கப்புறம் பழைய கதைதான். அது அடைக்குதா இல்லையாங்கறது டிரம்ல தெரியாது, கடல்லதான் தெரியும்.

ஒரே நேரத்துல மூணு செட்டு செய்யுங்க. ஒண்ணு தொழிலுக்குப் போற போட்டுல, ஒண்ணு கடற்கரையில ஏதாவது வீட்டு மொட்டை மாடியில, ஒண்ணு உங்க ஷெல்ஃப்ல. போட்டுல கெட்டு மாடியில கெடலைன்னா அதிர்வு, அடி, தண்ணி. ரெண்டுலயும் கெட்டா உப்புக்காத்தும் வெயிலும். உலோகத்தைப் பத்தி முறையா ரிப்போர்ட் வேணும்னா காரைக்குடி சிக்ரியோட (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துருச்சோதனை நிலையம் மண்டபத்துல இருக்கு, அங்க எழுதிக் கேட்டுப் பாருங்க.

நாகை_அணியம்:

எவ்வளவு நாள்னா, ஒரு வாடைக்காத்து பார்க்கணும் தம்பி. ஐப்பசி, கார்த்திகை தாண்டி லைட்டு நின்னுச்சுன்னா அப்புறம் விலை பேசு. அதுக்கு முன்னாடி வெயில் மாசமும் ஒரு சுத்து ஓடியிருக்கணும். நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்பதான் எல்லாப் படகும் கரையேத்தி பெயிண்ட் அடிச்சு மராமத்து பார்த்துட்டு இருப்பாங்க, எலக்ட்ரீசியனும் கையோட இருப்பார், நிதானமா மாட்டலாம். நாட்டுப்படகு, ஃபைபருக்கு அந்தத் தடை இல்ல, அதனால ஃபைபர்ல உடனே ஆரம்பிச்சுடலாம்.

மூணு நாலு விஷயம் கண்டிஷனா சொல்றேன். படகுல ஏற்கனவே இருக்கிற லைட்டை கழட்டவே கூடாது, உன்னோடதை பக்கத்துல தனி ஒயர், தனி ஃபியூஸ்ல மாட்டு. சோதனைக்கு வந்த சாமானை நம்பி யாரும் கடலுக்குப் போகக் கூடாது. டெக் லைட்டு வெளிச்சம் கீழ வலை மேல விழணும், எதிர வர்றவன் கண்ணுல அடிக்கக் கூடாது, இடது பக்க சிவப்பும் வலது பக்க பச்சையும் அந்த வெளிச்சத்துல மறைஞ்சு போகக் கூடாது. ராத்திரி இன்னொரு போட்டுல தள்ளி நின்னு உன் கண்ணால பாரு, எங்க மேல கப்பல் ஏறாம இருக்கிறது அந்த ரெண்டு விளக்கை நம்பித்தான். வாட்ஸை ஏத்திக்கிட்டே போகாத, மீனைக் கூப்பிடற அளவுக்கு வெளிச்சம் போட்டு எல்ஈடில மீன் புடிக்கிறதை 2017லயே மத்திய அரசு தடை பண்ணியாச்சு, யார்டுல யாராவது அப்படிக் கேட்டா செய்யாத.

நீயும் ஒரு தடவை வா, கடல் நிலவரம் சொல்ற மத்திய அரசு மையம் இன்காய்ஸோட அலை அறிவிப்பு பார்த்து அமைதியான நாளா நான் சொல்றேன், லைஃப் ஜாக்கெட் போட்டுக்க, 1554 கோஸ்ட் கார்டு நம்பரை போன்ல ஏத்தி வச்சுக்க. ஆனா நீ வர்ற ஒரு நாளை வச்சு முடிவு பண்ணாத. தொழிலாளிங்க கிட்ட குடுத்துட்டு, சுவிட்சை இருட்டுல தடவி கண்டுபிடிக்க முடியுதா, ஈரக் கையில வழுக்குதா, எந்த நேரத்துல வேணும்னே அணைக்கிறாங்கன்னு கேளு. ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் ஸ்க்ரூத் தலையையும் ஒயர் நுழையற இடத்தையும் போன்ல படம் எடுத்து அனுப்பச் சொல்லு, என் பையன் அனுப்புவான். நல்ல தண்ணில கழுவச் சொல்லாத, ஏன்னா உன் லைட்டை வாங்கப் போற யாரும் தினம் கழுவ மாட்டாங்க.

இப்ப ஒரு செட்டு ஃபைபருக்கு குடுத்துடு. விசைப்படகுக்கு மாட்டறதா இருந்தா மே கடைசிக்குள்ள கொண்டு வந்துடு, ஜூன் வந்துட்டா எல்லாரும் இஞ்சின்ல மும்முரமா இருப்பாங்க, உனக்கு ஆள் கெடைக்காது.

ஓசூர்_ஒயரிங்:

மே மாசமே வந்துடறேன் அண்ணே. ஸ்க்ரூ, வென்ட், டின் ஒயர் மாத்தின மூணு செட்டு, மூணுக்கும் நம்பர் அடிச்சு கொண்டு வர்றேன். டிரம் டெஸ்ட் படம் எல்லாம் இங்கயே போடறேன், நீலம் எங்க ஏறுதுன்னு நீங்களும் பார்த்து சொல்லுங்க.