ஏழு வாரக் கர்ப்பத்தில் ரத்தக்கசிவு: ஸ்கேனில் எங்கே தவறுகிறது

ஸ்கேன் மருத்துவர்:
ரத்தக்கசிவோடு வரும் கர்ப்பிணிகள் படுத்ததும் "துடிப்பு இருக்கா டாக்டர்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்பே கரு எங்கே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி உள்வழி ஸ்கேன் செய்யுங்கள். அதனால் கரு கலையாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பலருக்கு அந்தப் பயம் உண்டு.

கடைசி மாதவிலக்கிலிருந்து சுமார் 5 வாரத்தில் சாக் (கரு வளரும் நீர்ப்பை), ஐந்தரையில் யோக் சாக் (அதனுள் கருவுக்கு ஊட்டம் தரும் சிறு பை), 6 வாரத்தில் துடிப்பு. இது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. 40 நாளைக்கு ஒருமுறை விலக்காகிறவருக்கு 12 நாள் பின்தங்கும். சீட்டில் உள்ள தேதியை மட்டும் நம்பி "வளர்ச்சி இல்லை" என்று எழுதக் கூடாது.

துடிப்பு தெரிந்தால் எம்-மோடில் (அசைவைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கேன் முறை) எண்ணுங்கள். இவ்வளவு இளங்கருவின் மேல் ஒலியாற்றல் அதிகம் பாயும் பல்ஸ்டு டாப்ளர் வேண்டாம்.

மகப்பேறு மருத்துவர்:
அளவு விஷயத்தில் பிடிவாதமாக இருக்க வேண்டும். கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது சாக்கின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டியும் கரு இல்லை என்றால்தான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சொல்லலாம். முன்பு கருவுக்கு 5, சாக்குக்கு 16 என்று வைத்திருந்தார்கள். நல்ல கர்ப்பங்களும் அதில் சிக்கியதால் 2013 வாக்கில் எல்லை உயர்ந்தது.

சாக்கை மூன்று திசையிலும் அளந்து சராசரி எடுங்கள். காலிப்பர் (திரையில் அளவெடுக்கும் குறி) சாக்கின் உள்விளிம்பில் நிற்கட்டும். யோக் சாக்கையும் கருவோடு சேர்த்து அளந்தால் 5 மில்லிமீட்டர் 7 ஆகிவிடும். அந்த 2 மில்லிமீட்டரில் உயிருள்ள ஒரு கர்ப்பம் போய்விடக் கூடும்!

எல்லைக்குக் கீழே என்றால் காத்திருங்கள். முதல் ஸ்கேனில் வெறும் சாக் என்றால் 14 நாள், யோக் சாக்கும் இருந்தால் 11 நாள். அதன் பிறகும் துடிப்போடு கரு தெரியவில்லை என்றால் முடிவு சொல்லலாம்.

அவசரப் பிரிவு மருத்துவர்:
எனக்குக் கவலை, கர்ப்பப்பை காலியாக இருக்கும்போதுதான். கருக்குழாயில் கரு இருந்தாலும் கர்ப்பப்பையின் நடுவே கொஞ்சம் நீர் தேங்கி சாக் போல ஏமாற்றும். உண்மையான சாக் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கமாகப் பதிந்திருக்கும். யோக் சாக்கைப் பார்த்தால்தான் உறுதி.

சூலகத்தின் அருகே வளையம் தெரிந்தால் புரோபால் (ஸ்கேன் கருவியின் முனை) மெல்ல அழுத்துங்கள். சூலகத்தோடு சேர்ந்து நகர்ந்தால் பெரும்பாலும் கார்ப்பஸ் லூட்டியம் (கருமுட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் இயல்பான கட்டி), தனியாக வழுக்கினால் குழாய்க் கர்ப்பத்தைச் சந்தேகியுங்கள். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரில், சுற்றிலும் ஓடும் ரத்தத்தால் நெருப்பு வளையம் இரண்டிலுமே தெரியும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

கர்ப்பப்பைக்குப் பின்னால் கலங்கலான திரவம் என்றால் ரத்தம் என்று எடுத்துக்கொண்டு, உடனே வயிற்றின் மேல் புரோபை வைத்துக் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே பாருங்கள். அங்கேயும் இருந்தால் மறு ஸ்கேனுக்கு நேரமில்லை, தியேட்டருக்குச் சொல்லுங்கள்.

மகப்பேறு மருத்துவர்:
எங்குமே கரு தெரியவில்லை, கர்ப்பிணியும் நன்றாக இருக்கிறார் என்றால் ரத்தத்தில் பீட்டா எச்சிஜியை (கர்ப்பகால ஹார்மோன்) 48 மணி நேர இடைவெளியில் இருமுறை பாருங்கள். அந்த அளவு 2000 வந்தும் சாக் தெரியாத நல்ல கர்ப்பம் உண்டு, அதனால் இப்போது 3500 வரை பொறுக்கச் சொல்கிறார்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து, குழாய்க் கர்ப்பத்தின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடவே கூடாது.

ஸ்கேன் மருத்துவர்:
இன்னொன்று. முன்பு சிசேரியன் ஆனவருக்கு சாக் கீழே, முன்சுவரில் இருந்தால் "கருச்சிதைவு நடக்கிறது" என்று கடந்துவிடாதீர்கள். தழும்பிலேயே பதிந்திருக்கலாம். சாக்குக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே எவ்வளவு தசை மிச்சம் என்று அளந்து ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அது தெரியாமல் டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்யப் போனால் ரத்தத்தை நிறுத்துவது கடினம்.