ரீஹாப் வார்டு: ஆட்கள் குறைகிறார்கள், அட்மிஷனைக் கூட்டச் சொல்கிறார்கள். எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

மூன்றாம்மாடி கேட்டது:

தனியார் மருத்துவமனை, 20 பெட் ரீஹாப் (புனர்வாழ்வு சிகிச்சை) வார்டு. சராசரியாக 17 பெட் நிரம்பியிருக்கும். பாதிக்கு மேல் ஸ்ட்ரோக், ஐந்து பேர் அளவில் ஸ்பைனல் (முதுகுத்தண்டுக் காயம்), மீதி தலைக்காயமும் இடுப்பு எலும்பு முறிவும். அடுத்த மாதம் முதல் எல்லாமே மாறுகிறது. முழுநேர பி.எம்.ஆர். (புனர்வாழ்வு மருத்துவ) டாக்டர் இனி திங்கள், புதன், வெள்ளி மட்டும் வருவார். ஆறு பிசியோக்களில் இரண்டு பேர் போகிறார்கள், அந்த இடங்களை நிரப்பப் போவதில்லை. ஐ.சி.யூ.விலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டு 20 பெட்டையும் நிரப்ப வேண்டும், ஸ்ட்ரோக் பேஷண்டை ஆறு வாரத்துக்குப் பதில் மூன்று வாரத்தில் அனுப்ப வேண்டும் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) இரண்டு பேர். ஸ்பீச் தெரபிஸ்ட் காலையில் மட்டும். இரவில் இரண்டு சிஸ்டர், ஒரு ஆயாம்மா, ஒரு வார்டு பாய்.

நிர்வாகக் கூட்டத்தில் "முடியாது" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. கணக்கோடு போக வேண்டும். இந்த ஆட்களை வைத்து உண்மையில் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? யாரைச் சேர்க்கலாம், யாரைத் தள்ளிப்போடலாம்?

---

வாக்கர்_வீல் (பிசியோ):

மூன்றாம்மாடி சார், பெட் எண்ணிக்கையை விட்டுவிட்டு தெரபி மணியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு பேஷண்டுக்கு பிசியோ காலை 45 நிமிடம், மாலை 45 நிமிடம் என்று வைப்போம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு பிசியோ ஒன்பதிலிருந்து ஐந்து வரை இருந்தாலும் பேஷண்ட் மேல் கை வைக்கும் நேரம் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் வராது. சாப்பாடு, நோட்ஸ், ரவுண்ட்ஸ் போக, பேஷண்ட் கீழே வரும்வரை மேட் பக்கத்தில் வெறுமனே நிற்கிற நேரமும் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

17 பேர் × 1.5 = 25.5 மணி. இதை 5.5-ஆல் வகுத்தால் 4.6, அதாவது தினமும் ஐந்து பேர் ஜிம்மில் நிற்க வேண்டும். ஞாயிறு விடுமுறை போக வருஷத்தில் 313 நாள். பண்டிகை, சி.எல்., சிக் லீவ் எல்லாம் சேர்த்து 30 நாள் கழித்தால் ஒருவர் 283 நாள் வருவார், வாரத்துக்கு 5.4 நாள். தினமும் ஐந்து பேரும் ஞாயிறு இரண்டு பேரும் வேண்டுமென்றால் வாரத்துக்கு 32 ஆள்-நாள். சரியாக ஆறு பேர். ஆக இப்போது உங்களிடம் இருப்பதில் உபரியே கிடையாது.

நான்கு பேரானால் வாரத்துக்கு 21.8 ஆள்-நாள். ஞாயிறை முழுக்க விட்டுவிட்டு ஆறு நாளுக்குப் பிரித்தால் தினம் 3.6 பேர், அதாவது 20 மணி நேரம். ஒன்றரையால் வகுத்தால் 13 பேஷண்ட். நிர்வாகத்திடம் காட்ட வேண்டிய எண் இதுதான். 20 பேரையும் சேர்த்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், ஞாயிறு பூஜ்யம். அதே ஆளை ஆறு வாரத்துக்குப் பதில் மூன்றே வாரத்தில் எழுந்து நடக்க வைக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டும்.

இந்த நான்கு பேரையே ஐ.சி.யூ. அழைப்புக்கும் ஓ.பி.க்கும் அனுப்பினால் 13-உம் நிற்காது. ஐ.சி.யூ.வில் ஒரு செஸ்ட் பிசியோ என்றால் போய் வர முக்கால் மணி நேரம் போய்விடும். ஓ.பி. ரோஸ்டரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். இன்டர்ன் மாணவர்களை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். கூட நின்று பிடிக்கலாம், தனியாக விட முடியாது.

ஓ.டி. கணக்கும் இதே மாதிரிதான் (ஆபரேஷன் தியேட்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபி. ஹெச்.ஆருக்கு மெயில் போடும்போது முழுப் பெயரையும் எழுதுங்கள்). 13 பேருக்கு 45 நிமிடம் வீதம் 9.75 மணி. இரண்டு பேரும் வரும் நாளில் 11 மணி நேரம் இருக்கிறது, ஒருவர் லீவ் போட்டால் பாதிப் பேருக்குக் கிடையாது.

பிசியோ கிடைக்காவிட்டால் பகலில் ஒரு வார்டு பாயையாவது கேளுங்கள். பேஷண்டை பெட்டிலிருந்து வீல்சேருக்கு மாற்றி, யூரின் பேக்கைக் காலி செய்து, லிஃப்டில் இறக்கிக் கொண்டுவர 15 நிமிடம் ஆகும். அந்த வேலையை பிசியோ செய்கிற ஒவ்வொரு தடவையும் செஷனில் மூன்றில் ஒரு பங்கு காலி. செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

---

நைட்_டியூட்டி_சிஸ்டர்:

பகல் கணக்கு சரி. என் அனுபவக் கணக்குப்படி வார்டு முதலில் உடைவது ராத்திரியில்தான்.

இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் போட வேண்டிய பேஷண்டுகளை எண்ணுங்கள். ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். முதுகு, குதிகால் பார்த்து, நனைந்த பேடை மாற்றி, தலையணை வைத்து முடிக்க ஆறு நிமிடம். ஒன்பது பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 54 நிமிடம். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஆறு சுற்று. 12 பேர் என்றால் ஒரு சுற்றே 72 நிமிடம், அடுத்த சுற்றுக்கு முன் மற்ற எல்லா வேலைக்கும் முக்கால் மணி நேரம்தான் மிஞ்சும். ஐ.சி.யூ.விலிருந்து நேரே வருகிறவர் எல்லாருமே இந்த லிஸ்டில்தான் சேர்வார்கள்.

இதோடு ஸ்பைனல் பேஷண்டுகளுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டு சிறுநீரை எடுப்பது. ஐந்து பேர், ஆளுக்கு 12 நிமிடம், ஒரு மணி நேரம். நள்ளிரவு 12 மணிக்கு எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். மாட்டிக்கொள்வது காலை ஆறு மணிக்கு. புரட்டுவது, கதீட்டர், ரத்த சாம்பிள், மோஷன், உடம்பு துடைப்பது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். கதீட்டர்தான் தள்ளிப்போகும், ஏனென்றால் அந்த பேஷண்டுக்கு வலி தெரியாது, கூப்பிட மாட்டார். எட்டு மணிக்கு எடுத்தால் 700, 800 மில்லி வரும். 500-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் வழக்கமான எல்லை. தொடர்ந்து தாண்டினால் கசிவு, இன்ஃபெக்ஷன், கிட்னி வரைக்கும் போகும். பிறகு "ரீஹாப் வார்டில் அடிக்கடி காய்ச்சல் வருகிறது" என்று பேச்சு வரும்.

செய்யக்கூடியவை: கதீட்டர் நேரத்தை 5, 6, 7 என்று பேஷண்ட் வாரியாகப் பிரியுங்கள். இரவு எட்டுக்கு மேல் தண்ணீரைக் குறையுங்கள். கை நன்றாக வேலை செய்கிறவருக்கு முதல் வாரமே தானாகப் போடக் கற்றுக்கொடுங்கள். போர்டில் ஒவ்வொரு பெட் எண்ணுக்கும் பக்கத்தில் சிவப்புப் புள்ளி (இரண்டு பேர் புரட்ட வேண்டியவர்), மஞ்சள் (ஒருவர் போதும்), பச்சை (தானே புரளுவார்). இரவில் நான்கே பேர் என்றால் சிவப்பு ஒன்பதைத் தாண்டக் கூடாது. ஒரு சிவப்பு மஞ்சளாக மாறினால்தான் அடுத்த சிவப்பு உள்ளே வரலாம்.

பேஷண்டோடு தங்கும் வீட்டு ஆளைப் புரட்டுகிற கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவர்கள் அசந்து தூங்கிவிடுவார்கள், தப்பில்லை.

---

பி.எம்.ஆர்._டாக்டர்:

சிஸ்டர் சொன்ன சிவப்புப் புள்ளி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனை முடிவு செய்ய வேண்டியது அந்த போர்டுதான், காலியாக இருக்கிற பெட் அல்ல.

ஐ.சி.யூ.விலிருந்து எடுக்கும்முன் யாராவது ஒருவர், பிசியோவோ சிஸ்டரோ, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ரெஃபரல் லெட்டரில் "ஸ்டேபிள்" என்ற ஒரே வார்த்தைதான் இருக்கும். பார்க்க வேண்டியவை:

- கடைசி 48 மணி நேரத்தில் காய்ச்சல் இல்லை, பி.பி. மருந்தை மாற்றவில்லை.
- டிரக்கியாஸ்டமி (மூச்சு விட கழுத்தில் போட்ட துளை) இருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது). இரண்டு மணி நேரத்துக்குள் தேவைப்பட்டால் உங்கள் இரவு ஆட்களை வைத்து வேண்டாம்.
- சாய்த்து உட்கார வைத்தால் அரை மணி நேரம் தாங்குகிறாரா, பி.பி. இறங்குகிறதா.
- ஒரு வார்த்தைக் கட்டளைக்குக் கையோ கண்ணோ அசைகிறதா.
- புரட்டிப் போட்டு முதுகையும் பிட்டத்தையும் நீங்களே பாருங்கள். லெட்டரில் இல்லாத படுக்கைப்புண் அங்கேதான் இருக்கும்.
- மண்டை எலும்பை எடுத்து வைத்திருக்கிறார்களா, எந்தப் பக்கம். ஹெல்மெட் இல்லாமல் நிற்க வைக்கக் கூடாது.
- டிஸ்சார்ஜ் ஆனால் வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள். பெயர், போன் நம்பரோடு.

கட்டளை புரியாதவரைச் சேர்க்கவே கூடாது என்பதில்லை. "குடும்பத்துக்குப் பயிற்சி, பத்து நாள்" என்று நோக்கத்தை எழுதிச் சேருங்கள். எழுதாமல் சேர்த்தால் மூன்று மாதம் அதே பெட்டில் இருப்பார்.

"முன்னேறுகிறவரை மட்டும் எடுப்போம்" என்று நிர்வாகம் பார்தெல் ஸ்கோரைப் (அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்ற மதிப்பெண்) பிடித்துக்கொள்ளலாம். ஸ்ட்ரோக்கில் 0–100 ஸ்கோர் நன்றாக நகரும். முழுமையான ஸ்பைனல் காயத்தில் கொஞ்சம்தான் நகரும். ஆனால் அவர்தான் தானே கதீட்டர் போட்டு, தானே வீல்சேரில் ஏறி வீடு போகக் கூடியவர். ஸ்கோரை வைத்து அவரைக் கழித்துவிடாதீர்கள்.

மூன்று வார ஸ்ட்ரோக் முடியாத காரியமில்லை. இலக்கைச் சுருக்க வேண்டும்: பெட்டிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் உதவியோடு மாறுவது, பாதுகாப்பாக விழுங்குவது, கழிப்பறை. நடை ஓ.பி.யில் தொடரட்டும். முதல் வாரத்திலேயே வீட்டுக் கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்து, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது இரண்டடி, வீல்சேரோ அதைவிட அகலம். வாசல்படி ஆறு அங்குலம் என்றால் 1:12 சரிவுக்கு ஆறடி நீள ரேம்ப் வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் இதைச் சொன்னால் கொத்தனார் கிடைக்கும்வரை பெட் காலியாகாது.

---

கிளெய்ம்_டெஸ்க்:

பணப் பக்கம் சுருக்கமாக. தனியார் காப்பீட்டு பாலிசிகளில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) வகுத்த பொதுவான விலக்குகளில் ஐந்தாவது, ஓய்வு, புனர்வாழ்வு, பராமரிப்புக்காக மட்டும் சேர்வது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நகர்த்துவது மாதிரி உதவிகள் அதில் அடங்கும். ப்ரீ-ஆத்தில் (காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும் முன் அனுமதியில்) "பிசியோதெரபிக்காக அட்மிஷன்" என்று ஒற்றை வரி எழுதினால் நேராக அதில் போய் விழும். உண்மையில் நடக்கிற சிகிச்சையை முழுதாக எழுதுங்கள்: புண்ணுக்கான டிரெஸ்ஸிங், டிரக்கியாஸ்டமி எடுப்பது, சிறுநீர்ப்பை சிகிச்சை, தசை இறுக்கத்துக்கான ஊசி. நடக்காததை எழுதாதீர்கள், கேஸ் ஷீட்டைக் கேட்பார்கள்.

உங்கள் நியூரோ வார்டிலிருந்தே ரீஹாபுக்கு மாற்றினால் மாற்றும் நாளன்றே டி.பி.ஏ.வுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்மைக் கவனிக்கும் இடைநிறுவனம்) தெரிவியுங்கள். கடைசியில் மொத்த பில் அனுப்பினால் ரீஹாப் நாட்களைத் தனியாக வெட்டுவார்கள், குடும்பம் கவுண்டரில் வந்து சண்டை போடும். மூன்று வாரத்துக்கான செலவை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு பெட் கொடுங்கள்.

சீக்கிரம் அனுப்புவதென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு காப்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோ உண்டு. பேஷண்ட் வீட்டு முகவரியும் என்ன பயிற்சி என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

ஹெச்.ஆருக்கு ஒன்று: ஸ்பீச் தெரபிஸ்ட், செயற்கைக் கால் நிபுணர் எடுக்கும்போது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதில் வருவதில்லை, அவர்களுக்கானது துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 தேசிய ஆணையச் சட்டம். விளம்பரத்தில் எல்லாருக்கும் ஆர்.சி.ஐ. என்று போட்டால் நல்ல ஆள் விண்ணப்பிக்கவே மாட்டார்.

---

மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. 13 பேஷண்ட், 9 சிவப்பு என்ற இரண்டு எண்ணோடு போகிறேன். பகலுக்கு ஒரு வார்டு பாய் கிடைக்கலாம். இன்னும் இரண்டு சந்தேகம்: ஞாயிறு தெரபி இல்லாவிட்டால் என்ன செய்வது? டாக்டர் இல்லாத நாளில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

---

வாக்கர்_வீல்:

சனிக்கிழமை மாலை செஷனில் வீட்டு ஆளைக் கூட வைத்துக்கொண்டு நான்கே பயிற்சி கற்றுக்கொடுங்கள், படம் போட்ட ஒரு தாளில். நான்குக்கு மேல் போனால் ஒன்றுமே செய்ய மாட்டார்கள். ஸ்ட்ரோக் பேஷண்டுக்கு தலைக்கு மேல் கயிறு கட்டி இழுக்கும் புல்லி அந்தத் தாளில் இருக்கவே கூடாது. கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கவும் கூடாது. இரண்டாலும் செயலிழந்த பக்கத் தோள் கெட்டுப்போகும், திங்கள் காலை வலியோடு வருவார், அந்த வாரம் முழுக்க கை வேலை நடக்காது.

---

பி.எம்.ஆர்._டாக்டர்:

அட்மிஷன் திங்கள், புதன் மட்டும், பகல் 12 மணிக்குள். வெள்ளி சேர்த்தால் டாக்டர், ஸ்பீச் தெரபிஸ்ட் இருவரும் திரும்பப் பார்க்கும்முன் இரண்டு நாள் ஓடிவிடும், ரைல்ஸ் டியூபை (மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய்) எடுக்கலாமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளியை டிஸ்சார்ஜ் நாளாக வையுங்கள்.

பயப்பட வேண்டியது, டி6-இலோ (மார்புப் பகுதி முதுகுத்தண்டின் ஆறாவது மட்டம்) அதற்கு மேலேயோ காயம் பட்ட ஸ்பைனல் பேஷண்டின் பி.பி.க்கு. காயத்துக்குக் கீழே சிறுநீர் தேங்கினாலோ மலம் அடைத்தாலோ அவர்களுக்கு பி.பி. திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறும். அவர்களுடைய வழக்கமான மேல் அளவே 90, 100-தான் இருக்கும். 150 வந்தால் புதிதாக வந்த டியூட்டி டாக்டர் "கொஞ்சம் கூடுதல்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்ப்பது, கீழ்ப்பக்கம் ரோமம் சிலிர்ப்பது கூடவே இருக்கும். அந்த பெட்களின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கட்டும்: இவருடைய வழக்கமான பி.பி. எவ்வளவு, அதைவிட 20 கூடினால் உடனே நிமிர்த்தி உட்கார வை, காலைத் தொங்கப்போடு, இறுக்கமான துணி, பெல்ட், யூரின் பேக் பட்டை எல்லாம் தளர்த்து, டியூப் மடங்கியிருக்கிறதா பார், டியூப் இல்லாவிட்டால் கதீட்டர் போட்டு எடு, அதிலும் இறங்காவிட்டால் ஜெல்லி தடவி, மலம் அடைத்திருக்கிறதா பார், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பி.பி. பார், இறங்காவிட்டால் போன் செய். உங்கள் டாக்டர் நம்பரும் அந்த அட்டையிலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். நர்ஸிங் ஸ்டேஷன் டைரியில் எழுதி வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் புரட்டித் தேட மாட்டார்கள்.