மட்டக்களப்பில் வீடற்றோருக்கு இரவுத் தங்குமிடம்: அரசாங்கத்திடம் எதற்கு, எவ்வளவு நிதி கேட்பது?

ஆரையம்பதி வாசகன்:
எங்கட சனசமூக நிலையமும் இன்னும் இரண்டு சங்கங்களும் சேர்ந்து ஒரு மகஜர் எழுதுகிறோம். மட்டக்களப்பு பஸ் நிலையம், ரயில் நிலைய முன்பக்கம், கோயில் மண்டபங்கள், கல்முனைச் சந்தை என்று இரவில் கிடைத்த இடத்தில் படுக்கிறவர்களுக்கு அரசாங்கம் கூடுதலாக நிதி ஒதுக்க வேணும் என்பதுதான் கோரிக்கை. குழுவுக்குள்ளேயே இரண்டு கருத்து. ஒரு பகுதியார் கட்டிடம் ஒன்று கேட்போம் என்கிறார்கள். மற்றவர்கள், அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரச மாதக் கொடுப்பனவு) கொடுக்கும்போது தங்குமிடம் எதற்கு என்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்க: எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

சமூகசேவை மட்டு:
நிதி கூட்டத்தான் வேணும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் முதல் வரியிலேயே "கட்டிடம்" என்று எழுதிவிடாதீங்க தம்பி. அரச கணக்கில் மூலதனச் செலவு (கட்டிடம், சாமான் போன்றது) வேறு, மீண்டெழும் செலவு (சம்பளம், சாப்பாடு என்று மாதாமாதம் வருவது) வேறு. கட்டிடத்துக்குப் பணம் எடுப்பது ஓரளவு லேசு, பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலேயே வாங்கிவிடலாம். அந்தப் பணத்தில் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கவோ அரிசி வாங்கவோ முடியாது. பிறகு நாடா வெட்டி, படம் பிடித்து, மூன்று மாதத்தில் பூட்டு. கட்டிடம் பழைய கதிரை மேசை போடுகிற இடமாகிவிடும்.

20 பேர் தங்குகிற இடத்துக்குக் கணக்குப் பாருங்க. இரவில் ஒருவரை மட்டும் கடமையில் விட முடியாது. ஒருவருக்கு வலிப்பு வந்து 1990 அம்புலன்சில் கூட்டிப்போக வேண்டி வந்தால் மற்ற 19 பேருக்கும் ஆளில்லை. ஆக இரவுக்கு இரண்டு பேர், வருடத்துக்கு 730 கடமை முறை. கிழமை விடுமுறை, லீவு, போயா கழித்தால் ஒருவர் செய்யக்கூடியது சுமார் 210 முறை. அதனால் நாலு பேர் வேணும். இரண்டு பேரை வைத்து ஓட்டப் பார்த்த இடங்களெல்லாம் இங்கேதான் விழுகின்றன. 2026 ஜனவரி முதல் சட்டப்படியான குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். நாலு பேருக்கு 120,000. அதோடு ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் சேர்த்தால் 138,000. இது அடிமட்டக் கணக்கு. பகலில் ஆஸ்பத்திரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூட்டிக்கொண்டு அலைய ஒரு சமூக சேவை உத்தியோகத்தர் தனி. அவர் இல்லாவிட்டால் வந்தவர் வருடக்கணக்கில் அதே பாயில்தான் கிடப்பார்.

இரவுச் சோற்றுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி வைத்தால் நாளைக்கு 3 கிலோ, மாதம் 90 கிலோ. அனர்த்தக் கால முகாம்களுக்கு உலகளவில் வைத்திருக்கும் குறைந்த அளவு, ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் இடம், நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். இரவுத் தங்குமிடத்துக்கு அதுவே காணாது. இந்தியாவில் நகர வீடற்றோர் தங்குமிடத்துக்கு ஆளுக்கு 50 சதுர அடி என்று வைத்திருக்கிறார்கள். அதன்படி படுக்கும் இடம் மட்டும் 1,000 சதுர அடி. புதிதாகக் கட்டத் தேவையில்லை, பாவிக்காமல் கிடக்கிற அரச கட்டிடம் ஒன்றைத் திருத்தினால் போதும். கைப்பிடி வைத்த கொமட் ஒன்று கட்டாயம். வருகிறவர்களில் முழங்கால் மடக்க முடியாதவர்கள் நிறையப் பேர்.

யாரிடம் கேட்பது? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி சமூக சேவை மாகாணத்தின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்துபோனது, அதனால் மகஜர் ஆளுநருக்கும் மாகாணப் பிரதம செயலாளருக்கும் போக வேணும். பிரதி நிதி ஆணைக்குழுவுக்கு. மாகாணங்களின் தேவைக் கணக்கு அங்கே போய்த்தான் கொழும்பு வரவு செலவுக்குள் வரும். வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில், மாகாணக் கணக்கு அதற்குப் பல மாதம் முந்தியே போய்விடும். ஒக்டோபரில் மகஜர் கொடுத்தால் ஒரு வருடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்க.

ஏறாவூர்ப்பற்று:
நான் எதிர்க்கருத்து. தங்குமிடம் திறந்தால், பிள்ளைகள் தாய் தகப்பனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இப்பவே ஆஸ்பத்திரி வார்டிலும் கோயில் வாசலிலும் நடக்கிறது. அரச பணம் பிள்ளைகளின் கடமையை ஏற்றுக்கொள்ளக் கூடாது. நிதி வேணுமென்றால் அஸ்வெசுமத் தொகையைக் கூட்டட்டும்.

நீதிமன்ற வீதி:
நீங்க சொல்கிற ஆபத்து உண்மை அண்ணன். ஆனால் அதற்கு மருந்து இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை ஒன்று உண்டு. தன்னைத்தானே பார்க்க முடியாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம், சபை கட்டளை போடும். பிரதேச செயலகத்தில் முதியோர் மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பிடித்தால் படிவம் நிரப்பித் தருவார். பிள்ளைகள் உள்ளவர் தங்குமிடத்துக்கு வந்தால் முதல் கிழமையே இந்த விண்ணப்பம் போக வேணும் என்று விதியில் எழுதுங்க. தீர்ப்பு வரும்வரை அந்தக் கிழவர் படுக்க ஓர் இடம் வேணுமே, அதற்குத்தான் தங்குமிடம்.

அஸ்வெசும விசயம். 2025 ஜனவரியிலிருந்து அதன் உச்சத் தொகை மாதம் 17,500 ரூபாய். தொகை இங்கே பிரச்சினை இல்லை. அது வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கொடுக்கிற திட்டம்: முகவரி, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றும் வேணும். பஸ் நிலையத்தில் படுப்பவரிடம் மூன்றும் இல்லை. எந்தக் கிராம உத்தியோகத்தர் அவரைத் தன் பிரிவென்று உறுதிப்படுத்துவார்? தங்குமிடம் இருந்தால் அந்தப் பிரிவின் உத்தியோகத்தர் முகவரியை உறுதிப்படுத்தலாம். அதற்காகவே தங்குமிடம் வேணும் என்பேன்.

ஒழுங்கு இப்படி. முதலில் பிறப்புப் பதிவைத் தேட வேணும். பிறந்த ஊர், தாயின் பெயர், அண்ணளவான வருடம் தெரிந்தால் பிரதேச செயலகப் பதிவாளர் பகுதியில் தேடலுக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே ஆளை அவசரப்படுத்தக் கூடாது. வருடத்தைப் பிழையாகச் சொன்னால் "பதிவு இல்லை" என்றுதான் பதில் வரும், பிறகு எல்லாம் முதலிலிருந்து. 1978 சூறாவளிக்கு முதலா பிறகா, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று கேட்டு வருடத்தை நெருக்கிப் பிடியுங்க. உண்மையிலேயே பதிவு இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ். அதைக் கொண்டு ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அடையாள அட்டை விண்ணப்பம். அட்டை வந்த பிறகுதான் வங்கிக் கணக்கு, அதன் பிறகு அஸ்வெசும மேன்முறையீடு, 70 தாண்டியவரென்றால் முதியோர் கொடுப்பனவு. மாதக்கணக்கில் இழுபடும் வேலை, ஒருவர் பின்னாலேயே நிற்க வேணும்.

இன்னொன்று. அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் 1841ஆம் ஆண்டினது, இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. வீடில்லாதவரை நீதவான் முன் நிறுத்தவும், 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடுப்பு இல்லத்துக்கு அனுப்பவும் வழி உண்டு. தங்குமிடத்தின் பெயர்ப்பதிவேடு பொலிசாருக்கு ஒவ்வொரு நாளும் போகிறது என்ற கதை பரவினால் ஒருவரும் வரமாட்டார்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பதிவேடு காட்டப்படாது என்று எழுத்தில் வையுங்க.

மருதமுனை சுகாதாரம்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கல்முனைப் பக்கம் யோசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். நிர்வாகத்துக்கு அம்பாறைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்), சுகாதாரத்துக்குக் கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனை. இரண்டுக்கும் தனித்தனியாகக் கடிதம் போகாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

தங்குமிடத்தை முதலில் கவிழ்ப்பது சொறி. ஒருவருக்கு மட்டும் மருந்து பூசிப் பிரயோசனமில்லை. எல்லாருக்கும் ஒரே இரவில், 5 வீதப் பெர்மெத்ரின் கிரீம், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி விடாமல். 8 முதல் 14 மணித்தியாலம் வைத்துக் குளிக்க வேணும், ஏழு நாளில் மறுபடி. அந்த நாள் உடுப்பும் விரிப்பும் சுடுதண்ணியில் தோய்க்க வேணும், தோய்க்க முடியாததைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்தால் பூச்சி செத்துவிடும். மெத்தை வாங்காதீங்க, ரெக்சின் உறை போட்ட பஞ்சுத் தட்டுப் போதும், துடைக்கலாம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு மார்புநோய்ச் சிகிச்சை நிலையம். கசநோய் என்றால் மருந்து ஆறு மாதம், இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கசமாக மாறலாம். மனநல மருந்தும் அப்படி, மாத ஊசி தவறினால் ஆள் மறுபடியும் தெருவில். கிளினிக் கொப்பியை மழையில் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் கூட. ஒவ்வொருவருடைய கொப்பியையும் பொலித்தீன் உறையில் போட்டு, அடுத்த கிளினிக் திகதியைச் சுவரில் எழுதுங்க. இன்சுலினுக்குச் சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று.

"குடித்தால் வராதே" என்ற விதி நல்ல நோக்கம்தான், ஆனால் ஆபத்து. வருடக்கணக்கில் கசிப்புக் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் முதல் மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். உள்ளே குடிக்கக் கூடாது என்று மட்டும் வையுங்க, நிறுத்த விரும்புகிறவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து நிறுத்துங்க.

ஆரையம்பதி வாசகன்:
நன்றி காக்கா, நன்றி எல்லாருக்கும். இரண்டு கேள்வி. பெண்களையும் சிறுவர்களையும் இதே இடத்தில் வைக்கலாமா? இடம் இருந்தும் சனம் வராமல் விடுவது ஏன்?

சமூகசேவை மட்டு:
சிறுவர் தனியாக வந்தால் தங்க வைக்கவே கூடாது. அன்றிரவே சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அறிவித்து நன்னடத்தை உத்தியோகத்தரிடம் பாரம் கொடுங்க. பெண்களுக்குத் தனி வாசல், தனி மலசலகூடம், பெண் பொறுப்பாளர். ஒரே மண்டபத்தில் தட்டி வைத்து மறைத்தால் போதாது. வீட்டு வன்முறைக்குத் தப்பி வருகிறவரை இங்கே வைக்காதீங்க, இந்த இடம் ஊருக்கே தெரிந்த இடம். அவருக்குப் பெண்கள் உதவித் தொலைபேசி 1938, பிறகு முகவரி வெளியில் தெரியாத இல்லம்.

வராததற்குப் பெரிய காரணம் சாமான். போத்தல், இரும்பு பொறுக்கி வாழ்கிறவரின் மூலதனமே அந்தச் சைக்கிளும் சாக்கு மூட்டையும்தான். அதை வெளியில் விட்டுவிட்டு வா என்றால் அவர் மூட்டையோடு பஸ் நிலையத்திலேயே படுப்பார். முற்றத்தில் கம்பிவலை அடித்த கொட்டில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, இரண்டையும் மதிப்பீட்டில் சேருங்க. அடுத்தது நேரம். மீன் சந்தையில் இறக்கிற வேலைக்குப் போகிறவர் விடியப்புறம் மூன்றரைக்கு வெளியே போக வேணும். காலை ஆறு மணிக்குத்தான் கேற் திறக்கும் என்றால் அன்றைய கூலி போய்விடும், மறுநாள் வரமாட்டார்.

இடம் தேடும்போது வாவிக்கரையில் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்துவிடாதீங்க. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெள்ளம் வந்தால் தங்குமிடமே இடம்பெயர வேண்டி வரும். பள்ளிக்கூட முகாமில் சமைத்த சாப்பாடு கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் குடும்பக் கணக்குப்படிதான், எங்கட ஆக்கள் அந்தக் கணக்கில் இல்லை. மேட்டு நிலம் பாருங்க, மாரிக்கு மேலதிகமாக 15 பாய் விரிக்க விறாந்தை விடுங்க, அந்த மூன்று மாத மேலதிக அரிசியையும் மகஜரில் தனி வரியாகக் காட்டுங்க.