மலை ஏற்றத்தில் திணறும் பிக்கப்: குறைந்த செலவில் இழுவையைக் கூட்ட என்ன செய்யலாம்?

சோளக்காடு சரக்கு:

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழில் செய்து வருகிறேன். ஏறும்போது சிமெண்ட், உரம், மளிகை. இறங்கும்போது அன்னாசி, பலா, வாழைத்தார் என்று இரு பக்கமும் வண்டி பாரத்தோடுதான் ஓடுகிறது. என்னுடையது 2018ஆம் ஆண்டு மாடல், பிஎஸ்4 மாசு விதிப்படி வந்த, இரண்டரை லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசல் பிக்கப். முன்பெல்லாம் மூன்றாம் கியரில் ஏறிய நேர்ப்பகுதிகளில் இப்போது இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தினால் கரும்புகை வருகிறதே தவிர வேகம் கூடவில்லை. ஒரு கடையில் ஈசியுவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்து, அதாவது அதன் டீசல், காற்று அளவுக் கணக்கை மாற்றி எழுதி, கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டரும் பெரிய சைலன்சரும் பொருத்தினால் இழுவை நன்றாகக் கூடும் என்று சொல்லி 25,000 ரூபாய் கேட்கிறார்கள். அந்தத் தொகைதான் என்னால் இயன்ற எல்லை. அதை எதில் போட்டால் உண்மையான பலன் கிடைக்கும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

டீசல் பட்டறை:

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இன்று ஏறவில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது புதிய சக்தி அல்ல, இருந்து காணாமல் போன சக்தி. டீசல் என்ஜின் கரும்புகை விடுகிறது என்றால், உள்ளே போன டீசலை முழுவதும் எரிக்கப் போதிய காற்று போகவில்லை என்று பொருள். இந்த நிலையில் ரீமேப் செய்து இன்னும் டீசலைக் கூட்டினால் புகையும் சூடும்தான் அதிகமாகும்.

முதலில், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றிப் பாருங்கள். கிளாம்ப் அருகே எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்த வளையம் போலத் தெரிந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. ஹோஸின் அடிப்பக்க வெடிப்பு வண்டி சும்மா நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டர் கொடுக்க இன்னொருவர் கையால் தடவிப் பார்த்தால், காற்றழுத்தத்தில் உப்பி வாய் திறப்பது விரலில் படும். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்திலேயே சுற்றும் என்பதால் தளர்ந்த சட்டைக் கையோடு இதைச் செய்ய வேண்டாம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்துச் சோப்புத் தண்ணீர் பூசச் சொல்லுங்கள். நுரை காட்டிக் கொடுத்துவிடும்.

அதன் பிறகு ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் சமதளத்தில் ஒன்றும் தெரியாது, நீண்ட ஏற்றத்தில்தான் வண்டி மூச்சு வாங்கும். கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊர்ப் புழுதியில் தரமான பேப்பர் ஃபில்டரைக் காலத்தோடு மாற்றுவதே டர்போவுக்கும் பிஸ்டனுக்கும் பாதுகாப்பு.

பலரும் கவனிக்காத இன்னொரு இடம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு. ஈஜிஆர் (மாசைக் குறைக்கப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் அமைப்பு) வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும், என்ஜினின் உள்ளாவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவியும் கலந்து தார் போல உள்சுவரில் படிந்து, ஆண்டுகள் போகப் போகக் காற்றுப் பாதையையே சுருக்கிவிடுகின்றன. கழற்றிச் சுத்தம் செய்வதற்குக் கூலியும் கேஸ்கெட்டும்தான் செலவு. ஈஜிஆரை அடைத்துவிடச் சொல்வார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இவை முடிந்ததும் ஈசியுவின் தகவல்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஈசியு கேட்கும் டர்போ அழுத்தமும் உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று ஏற்றத்தில் ஓட்டியே பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களும் ஒத்துவராதவரை வேறு எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

மலைப்பாதை ஓட்டுநர்:

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வண்டியும் சரக்குமாக 3 டன்னை, நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றச் சக்கரத்தில் ஏறக்குறைய 20 குதிரைத்திறன் தேவை. அரை டன் கூடினால் அந்தத் தேவையும் ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். பின்னால் கட்டியிருக்கும் கனத்த இரும்புச் சட்டங்களில் தேவையற்றதைக் கழற்றினால் ஒவ்வொரு நடையிலும் அது லாபம். அளவில் பெரிய டயர் மாட்டியிருந்தால் அதுவும் இழுவையைக் குறைக்கும். மேடையில் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் உரசிக்கொண்டிருந்தால் என்ஜின் என்ன செய்தும் பயனில்லை. என்ஜின் சுழற்சி ஏறியும் வண்டியின் வேகம் ஏறாமல் எரிந்த வாடை வந்தால் குறை க்ளட்ச்சில் இருக்கிறது, அப்படிப்பட்ட க்ளட்ச்சுக்கு மேல் ரீமேப் செய்தால் பாதி மலையில் நிற்க வேண்டியதுதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டிய தொழில் வண்டிக்கு இந்த வம்பு தேவையே இல்லை.

சோளக்காடு சரக்கு:

மிக்க நன்றி. இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ஹோஸில், நீங்கள் சொன்னது போலவே அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. அதையும் இரண்டு ஃபில்டர்களையும் மாற்றியதில் புகை பெருமளவு அடங்கிவிட்டது, நேர்ப்பகுதிகளில் மூன்றாம் கியர் நிற்கிறது. மேனிஃபோல்டையும் திறந்து சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன். கையில் பாதிக்கு மேல் பணம் மீதி இருக்கிறது. அடுத்து எதைச் செய்யலாம்?

டீசல் பட்டறை:

மகிழ்ச்சி தம்பி. மீதிப் பணத்தை என்ஜினில் போடாமல் பிரேக்கில் போடுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளும் பலாப்பழப் பாரத்தோடு இறங்கும்போதுதான் சோதிக்கின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்து, மிதித்தால் பெடல் வெறுமனே உள்ளே போய்விடும். எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். நான்கு சக்கர லைனிங்கையும் கழற்றிப் பாருங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.