புதுப்பிப்பு: ஒரே கீபோர்டு மவுஸ்ல விண்டோஸும் உபுண்டுவும், இப்ப வேலை செய்யுது

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விண்டோஸ் டெஸ்க்டாப் மவுஸை பேரியர்ங்கற (ஒரே கீபோர்டு மவுஸை ரெண்டு கம்ப்யூட்டருக்கும் பகிர்ற சாஃப்ட்வேர்) வச்சு பக்கத்துல இருக்க உபுண்டு 24.04 (லினக்ஸ்) லேப்டாப்புக்கு நகர்த்தினா, கனெக்ட் ஆகுது ஆனா கர்சர் அசையலன்னு கேட்டிருந்தேன்.

ஃபயர்வால்ல பேரியர் பயன்படுத்தற 24800 போர்ட்டை பாக்க சொன்னீங்க, அது திறந்துதான் இருந்துச்சு. வேலண்ட்தான் (உபுண்டுல ஸ்க்ரீன், மவுஸை எல்லாம் கையாள்ற டிஸ்ப்ளே சிஸ்டம்) காரணம்னு சொன்னவர் சொன்னதுதான் சரி. லாகின் ஸ்க்ரீன்ல கீழ இருக்க பல்சக்கரத்தை அமுக்கி வேலண்ட்டுக்கு பதிலா பழைய டிஸ்ப்ளே சிஸ்டமான உபுண்டு ஆன் எக்ஸார்க் எடுத்ததும் உடனே ஓடுச்சு, ஆனா 4கே மானிட்டருக்கும் லேப்டாப் ஸ்க்ரீனுக்கும் வேற வேற ஸ்கேலிங் (எழுத்து, ஐகான் அளவு) வைக்க முடியாம எழுத்தெல்லாம் ஒன்னுல பெருசா ஒன்னுல பொடிசா தெரிஞ்சுது, அப்படி வச்சுக்கிட்டு தினமும் வேலை பாக்க முடியாது.

அதனால இன்னொருத்தர் சொன்ன, பேரியர் மாதிரியே வேலை செய்யற டெஸ்க்ஃப்ளோவை ரெண்டு மெஷின்லயும் போட்டேன், உபுண்டுல ஃபிளாட்பேக்கா (லினக்ஸ்ல ஆப் இன்ஸ்டால் பண்ற ஒரு வழி). வேலண்ட்லயே அருமையா ஓடுது. பேரியரை இப்ப யாரும் பராமரிக்கறதில்ல, புதுசா ஆரம்பிக்கறவங்க நேரா டெஸ்க்ஃப்ளோவுக்கே போங்க.

ரெண்டு விஷயம் எதிர்பாக்கல. சர்வர் (கீபோர்டு மவுஸ் மாட்டியிருக்க மெஷின்) லேஅவுட்ல லேப்டாப்புக்கு குடுக்கற பேரும் லேப்டாப்போட ஸ்க்ரீன் பேரும் அச்சு பிசகாம ஒன்னா இருக்கணும், இல்லன்னா கனெக்ஷனே எடுக்காது. அப்புறம் க்னோம் (உபுண்டுவோட டெஸ்க்டாப்) ஒரு அனுமதி விண்டோ காட்டும், அதுல ரிமோட் கன்ட்ரோலுக்கு ஓகே குடுக்கணும். காப்பி பேஸ்ட் மட்டும் எனக்கு இன்னும் ரெண்டுக்கும் நடுவுல போகல.