சூடேறினால் நின்றுவிடும் மொறிஸ் மைனர்: உதவி வேண்டும்

கல்லடியான்:
வணக்கம். அப்பாவின் மொறிஸ் மைனர் 1000. 1958ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். கல்முனைப் பக்கம் போனால் களுவாஞ்சிக்குடி வருவதற்குள் இழுவை குறைந்து, உதறி உதறி நின்றுவிடும். பொனெற்றைத் திறந்து அரை மணித்தியாலம் ஆறவிட்டால் பழையபடி ஓடும். கராஜில் பொறிக்கு மின் அழுத்தத்தை ஏற்றித் தரும் கொயிலைப் புதிதாகப் போட்டு, காபரேற்றரையும் கழுவித் தந்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் சீக்கிரமாக நிற்கிறது. பழைய வண்டிக்காரர் சிலர் பாசிக்குடாவில் ஒன்றுகூடப் பேசியிருக்கிறோம். அப்பா கடைசிவரை ஓட்டிய வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

ஏறாவூர்ப் பொடியன்:
அண்ணா, நம்ம வெயிலுக்கு பெற்றோல் பைப்பிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். நின்றதும் ஈரத்துணியை பைப்பில் சுற்றிப் பாருங்கள்.

காத்தான்குடி காக்கா:
தம்பி, ஆவி அடைப்பாகவும் இருக்கலாம். ஆனால் இனி எந்தச் சாமானையும் மாற்றாதீர்கள். முதலில் நிற்பது பெற்றோல் இல்லாமலா, நெருப்புப் பொறி இல்லாமலா என்று தெரியவேண்டும். அதை வண்டி சூடாக நிற்கிற அந்த ஐந்து நிமிடத்துக்குள்தான் பார்க்கலாம், ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

நின்றதும் சாவியைப் போட்டு பெற்றோல் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். நாலைந்து தரம் டிக் டிக் என்று அடித்து ஓய்ந்தால் காபரேற்றர் நிறைந்துவிட்டது. விடாமல் வேகமாக அடித்தால் பெற்றோல் வரவில்லை, காற்றை இழுக்கிறது. டாங்கி மூடியையும் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால் மூடியின் துவாரம் அடைபட்டிருக்கிறது.

அப்புறம் கொயிலில் இருந்து வரும் தடித்த வயரை, பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துவிடும் டிஸ்ரிபியூட்டரில் கழற்றி, காய்ந்த துணியால் பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வையுங்கள். வேறொருவர் ஸ்டார்ட்டரை இழுக்கட்டும். பொறி நீலமாகச் சடசடவென்று பாயவேண்டும். பெற்றோல் பைப் கழன்றிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

கல்லடியான்:
நேற்று பார்த்தேன் காக்கா. பம்ப் நாலைந்து தரம் அடித்து ஓய்ந்தது, மூடியிலும் சத்தம் இல்லை. பொறி மெலிந்து மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தது.

காத்தான்குடி காக்கா:
அப்போ பெற்றோலை விடுங்கள். எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று கண்டென்சர். டிஸ்ரிபியூட்டருக்குள் கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் சின்னச் சுவிச்சுதான் பொயின்ற். அது திறக்கிற நொடியில் அதன் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும் மின்சாரத்தைக் கண்டென்சர்தான் வாங்கிக்கொள்ளும். கண்டென்சர் பழுதானால் பொயின்ற் முனையில் பொறி பறக்கும், கொயிலில் அழுத்தம் சட்டென்று ஏறாது, பிளக்குக்குப் போகிற பொறி மெலியும். சூட்டில் விட்டுப்போய் ஆறினால் திரும்பவும் வேலை செய்வது அதற்கு வழக்கம். பொயின்ற் முனை கருகிக் குழி விழுந்திருந்தால் ஏறக்குறைய நிச்சயம்.

மற்றது அந்தப் புதுக் கொயில். உங்கள் வண்டி பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின் பிளஸ்தான் பொடிக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடம்புக்கு, போகும். யாராவது இடையில் மாற்றினார்களா என்று பற்றரியில் பாருங்கள். மாற்றவில்லை என்றால் கொயிலின் பிளஸ் முனை டிஸ்ரிபியூட்டருக்கும் மைனஸ் முனை சுவிச்சுக்கும் போகவேண்டும். இப்போதைய வண்டிப் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் எஞ்சின் ஓடும், ஆனால் பொறிக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். பலம் குறைந்த கண்டென்சரோடு அதுவும் சேர்ந்தால் நிற்காமல் என்ன செய்யும்?

லண்டன் மட்டக்களப்பான்:
தம்பி, வழியில் நிற்பதற்கு வெட்கப்படாதீர்கள். இங்கே லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒவ்வொரு நவம்பரிலும் பழைய வண்டிகள் ஓடும், 1905க்கு முன் செய்தவை மட்டும். வீதியோரம் நிறுத்தி வேலை பார்ப்பவர்களை எப்போதும் காணலாம். அதையும் சனம் நின்று ரசிக்கும்.

கல்லடியான்:
காக்கா, நீங்கள் சொன்ன இரண்டுமே இருந்தது! பற்றரியின் பிளஸ் பொடிக்குத்தான் போகிறது, கொயில் வயர் மாறியிருந்தது. பொயின்ற் கருகிக் கிடந்தது. வயரைத் திருப்பி, கண்டென்சரும் பொயின்ற்றும் புதிதாகப் போட்டோம். நல்ல வெயிலில் அக்கரைப்பற்று போய் வந்தேன், ஓரிடத்திலும் நிற்கவில்லை. மிக்க நன்றி.

காத்தான்குடி காக்கா:
சந்தோஷம் தம்பி. பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 இருக்கட்டும். புதுப் பொயின்ற்றில் சுழலும் தண்டோடு உரசும் குதி ஆரம்பத்தில் தேயும், இடைவெளி குறையும். பாசிக்குடா போகுமுன் மறுபடி அளந்து பாருங்கள். கழற்றிய கண்டென்சரை எறிந்துவிடுங்கள். இன்னொரு புதியதை ஓட்டிப் பார்த்து, வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு வண்டிக்குள் வையுங்கள். இப்போது வருகிறவற்றில் சில பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பழுது.